குடற்புழுவும் மூலிகைச் சோதனையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மைசூர் அக்ரஹாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டிய வழக்கத்தை அறியாத மூத்தோர் இலர். ஓமமும் வாய்விடங்கமும் வேப்பங்கொழுந்தும் நாம் தலைமுறையாகக் கையாண்டு வரும் பொருள்கள். நாம் புரசு என்னும் மரத்தை இவ்வூரார் முத்துக என்பர். அதன் இலையைத் தைத்து உண்கலமாக்குகிறோம். அதன் விதையையோ சித்த மருத்துவர் முருக்கன் விதை என்று புழுவுக்கு வழங்குவர்.

எங்கள் இல்லத்தில் ஒரு சிறுமி முகம் வெளுத்து, நான்கு படி ஏறினாலே இளைத்தாள். வயிற்றுப் பூச்சி என நாங்களே முடிவு செய்து, பல வாரங்கள் கஷாயம் கொடுத்தோம். இறுதியில் மலத்தைச் சோதித்தபோது கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. குடற்சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தம் உறிஞ்சும் புழு அது. மருத்துவர் தந்த மாத்திரையும் இரும்புச் சத்தும் அவளைத் தேற்றின. காலம் கடத்திய தவறு எங்களுடையதே. எனினும் ஒரு வினா நெஞ்சை விட்டு அகலவில்லை: அப்படியாயின் மூலிகைகள் யாவும் பொய்தாமோ?

பொய்யல்ல. நம் ஓமத்திலிருந்து எடுக்கப்படும் தைமால் என்னும் பொருளையே, 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்கிய ராக்பெல்லர் இயக்கத்தார் கொக்கிப்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்தனர். சென்னை மாகாணத்துக் கொக்கிப்புழு ஆய்வின்போது காயஸ், மஸ்கர் என்னும் இருவர், புழுக்கொல்லி மருந்துகளின் வேதியியல் அமைப்பையும் குணத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1920க்களில் கட்டுரைகள் வெளியிட்டனர். கர்னல் சோப்ரா கல்கத்தாவில் நாட்டு மருந்துகளை ஆராய்ந்து 1933இல் பெருநூல் தந்தார். முன்னோர் சொல்லை இகழாமலும், கண்மூடி ஏற்காமலும் சோதித்தறிந்த பெருமக்கள் இவர்கள்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? உலர்த்திப் பொடித்த விதையை நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்துச் சாறு வடிப்பர். அதனைப் பல அளவுகளில் கலந்து, மண்புழுக்களை அதில் இடுவர். புழு எத்தனை நிமிடத்தில் அசைவற்றது, எப்போது மாண்டது என்று குறிப்பர். சுமார் 50 பாகை வெந்நீரில் இட்டும் துடிக்காவிடில் மாண்டதென்று கொள்வர். பக்கத்திலேயே வெறும் கரைசலில் ஒரு கூட்டமும், ஆல்பெண்டசோல் போன்ற அறிந்த மருந்தில் ஒரு கூட்டமும் இருத்தல் வேண்டும். இந்த ஒப்பீடு இல்லையேல் சோதனை சோதனையன்று. சோப்பு நீரிலும் மண்புழு மாளுமன்றோ!

மேலும், மண்புழு வாழ்வது மண்ணில். குடற்புழு வாழ்வது நம் குடலில். ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் மலத்திலுள்ள முட்டைகளை எண்ணிப் பார்ப்பதே அடுத்த படி. அதனினும் பெரிய வினா, புழுவைக் கொல்லும் சாறு உண்டவரை வாழவிடுமா என்பது. ஆடுதீண்டாப்பாளை நெடுங்காலமாகப் பூச்சி மருந்தாக வழங்கி வந்தது. அவ்வினச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயும் விளைவிக்கும் என்பது இன்று ஐயமற நிலைநாட்டப்பட்டுள்ளது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக அவ்வினச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்த செய்தி 1993இல் வெளிவந்தது.

மறுபுறம், சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்து கண்ட டூ யூயூ அம்மையார் 2015இல் நோபல் பரிசு பெற்றார். உருண்டைப் புழு வகைகளுக்கு எதிரான மருந்து கண்டவர் இருவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சோதனையில் தேறிய மருந்தையே உலகம் ஏற்கிறது.

தாய்மார்களே! குழந்தை வெளுத்தால் கஷாயம் காய்ச்சுமுன் மலத்தையும் இரத்தத்தையும் சோதியுங்கள். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படும் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். செருப்பணிதலும், நகம் களைதலும், கை கழுவுதலும் செலவில்லா மருந்துகள். பாட்டி சொன்ன மூலிகையை மறக்க வேண்டா. அதைச் சோதித்தறியும் பிள்ளைகளை நம் வீடுகளிலிருந்து அனுப்புவோம். அதுவே பாட்டிக்கு நாம் செய்யும் மரியாதை.