குழந்தையோடு வெளியில் வாருங்கள்

(தொம்மலூரில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"இந்தக் காலத்துத் தகப்பனார்கள்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வயது எழுபத்தேழு. நான் அந்தக் காலத்துத் தகப்பன். ஆகவே முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட்டு, பிறகு என் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் தொம்மலூரிலேயே பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இளைஞர்கள் கைக்குழந்தையை மார்பில் தூளி போலக் கட்டிக்கொண்டு நந்தி மலைக்கும் சாவனதுர்காவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். "பனியில எதுக்கு? ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்று நாம் பால்கனியில் நின்றுகொண்டு சொல்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். எங்கள் தலைமுறையில் தகப்பன் என்றால் ஃபீஸ் கட்டுகிறவர், மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவர், மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி கட்டுகிறவர். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காரியமும் இல்லாமல் வெளியில் போனதாக எனக்கு நினைவே இல்லை.

1980-ல் எனக்கு ராய்ச்சூரில் உத்தியோகம். பெரியவனுக்கு ஆறு வயது. ஆத்தில் இரண்டாவது பிரசவத்துக்கு ஏழாம் மாசம். அந்த வருஷம் பிப்ரவரி 16, சனிக்கிழமை, பூர்ண சூரிய கிரகணம். அதன் பாதை ராய்ச்சூர் வழியாகவே போயிற்று. இன்று நம் கோரமங்கலாவில் இருக்கிறதே, இந்திய வானியற்பியல் நிறுவனம், அதைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ராய்ச்சூர் மாவட்டத்து ஜவளகெரேயில் முகாம் போட்டிருந்தார்கள். உலகத்தில் பல பேர் கப்பல் ஏறிப்போய்ப் பார்க்கும் காட்சி எங்கள் வாசலுக்கே வந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். அம்மா சாத்தச் சொன்னாள். அவளைக் குறை சொல்லவில்லை. கர்ப்பிணி இருக்கிற வீடு, அவளுக்குப் பயம். அவள் பௌதிகம் படித்தவள் இல்லை. நான் அதில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவன்!

மேற்கு ஜன்னல் கதவில் ஒரு ஆணித் துவாரம் இருந்தது. அதன் வழியாகத் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வெளிச்சம் விழும். அன்று அது வட்டமாக இல்லை. கடித்த அப்பளம் போல இருந்தது. முதலில் பார்த்தவன் பிள்ளைதான். "அது சூரியனோட பிம்பம்டா. சந்திரன் குறுக்கே வந்து மறைக்கறான்" என்றேன். அது பிறையாகத் தேய்வதை இருவரும் குனிந்து பார்த்தோம். உடனே அவன், "நாம ஏன்ப்பா வெளில போய்ப் பார்க்கக்கூடாது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. "சும்மா இரு" என்று அதட்டினேன். மூன்றரை மணிக்கு மேல் பிறையும் மறைந்தது. வெளியில் காக்கைகள் கூடு திரும்பும் சத்தம் கேட்டது. சுமார் இரண்டரை நிமிஷம். பிறகு மறுபடி வெளிச்சம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

முப்பத்தொன்பது வருஷம் அவன் இதைப் பற்றிப் பேசவே இல்லை. 2019 டிசம்பர் 26-ந் தேதி கங்கண கிரகணம். பெங்களூரில் பாதிக்கு மேல் மறைந்தாலும், வளையமாகப் பார்க்கக் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம்தான் போக வேண்டும். அவன் தன் ஏழு வயசுப் பெண்ணை அழைத்துக்கொண்டு முதல் நாளே திண்டுக்கல்லுக்குக் கிளம்பினான். "அப்பா, நீங்களும் வாங்கோ" என்றான். நானும் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டம். கிரகணம் பிடித்ததும் பம்ப் செட்டில் ஸ்நானம். பேத்திக்கு அதுவே பெரிய உற்சவம். நான் தர்ப்பணத்தையும் முடித்துக்கொண்டேன். சாஸ்திரம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிள்ளை அதற்கென்றே சோதித்துச் செய்த கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தான். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் கூடாது என்று குழந்தைக்கு நன்றாகச் சொல்லியிருந்தான். ஆபத்தை மறைக்கவில்லை, அதற்கு என்ன வழி என்று கற்றுக்கொடுத்தான்.

ஒன்பதரை மணி சுமாருக்கு வளையம் கூடிற்று. வெயில் நிலா வெளிச்சம் போல மங்கியது. மூன்று நிமிஷம் இருக்கும். அப்போது பேத்தி சமையலறைச் சல்லடையைத் தூக்கிப் பிடித்தாள். தரையில் நூறு மோதிரங்கள்! ஒவ்வொரு துவாரமும் ஒரு சூரிய பிம்பத்தைப் போடுகிறது. வேப்ப மரத்தடி நிழலிலும் இலை இடுக்குகளால் அதே வளையங்கள்.

பிள்ளை என் பக்கம் திரும்பி, "ராய்ச்சூர்ல ஜன்னல் துவாரத்துல காட்டினேளே, அதேதாம்ப்பா" என்றான். அதட்டியதை அவன் சொல்லவில்லை. நான் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கே இவ்வளவு பலன் என்றால், கதவைத் திறந்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன்!

இளம் தகப்பனார்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். இதற்குக் கிரகணம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். லால்பாகில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி வருஷப் பழமை. குழந்தை அதன்மேல் கை வைத்துப் பார்க்கட்டும். நம் தொம்மலூர் சொக்கநாத ஸ்வாமி கோயில் கல்லில் பழைய தமிழ் சாசனங்கள் இருக்கின்றன. ஓர் எழுத்தையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மழையில் நனையட்டும். முழங்கால் சிராய்த்தால் மஞ்சள் இருக்கிறது. போனை மட்டும் பையில் வைத்துவிடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பால்கனியிலிருந்து "ஜாக்கிரதை" என்று சொல்வதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போவது மேல்.

2031 மே 21-ந் தேதி மறுபடி கங்கண கிரகணம். மதுரைப் பக்கமாகப் போகிறது. அப்போது எனக்கு எண்பத்து மூன்று, பேத்திக்குப் பத்தொன்பது. "நான் அழைச்சுண்டு போறேன் தாத்தா" என்று சொல்லியிருக்கிறாள். பகவான் அனுக்கிரகம் இருந்தால் போவேன்.