மேற்படிப்பும் ராகுகாலமும்
(கோவில்பட்டிக் கூட்டத்தில் பேசியது)

இக்கரிசல் பூமியில் தீப்பெட்டி ஒட்டிய கூலியில் பெண்களைப் பி.ஏ. வரை படிக்க வைக்கிறோம். எம்.ஏ.வுக்கு மனுப் போடு என்றாலோ, பஞ்சாங்கத்தைப் புரட்டி அஷ்டமி, ராகுகாலம், கலியாண ஜாதகம் என்று நாள் கடத்துகிறோம். சர்வகலாசாலைக்குக் கடைசித் தேதி தெரியுமே ஒழிய ராகு தெரியுமா?

கடல் தாண்டினால் பாவம் என்றது சாஸ்திரம். அம்பேத்கரோ 1913-ல் கடல் தாண்டி, நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்து 1915-ல் எம்.ஏ. பெற்றார். அவரைக் கப்பலேற்றியது நல்ல நட்சத்திரமா? பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளமன்றோ!

இன்று ஒடுக்கப்பட்ட, பிற்பட்ட வகுப்பாருக்கு அரசாங்கமே உபகாரச் சம்பளம் தருகிறது. கேட்காதவருக்கு எது கிடைக்கும்? ஆகவே, ஜாதகத்தை அடுப்பில் போட்டுவிட்டு, மார்க்குப் பட்டியல், வருமானச் சான்றிதழ், வகுப்புச் சான்றிதழ் இவைகளோடு உங்கள் பெண்களை நாளைக்கே மனுப் போடச் சொல்லுங்கள். எமகண்ட வேளையானாலும் சரியே!