பந்து வீசக் கற்பித்தல்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். பகலில் கணக்கு, மாலையில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட். புல்லைக் காணாத செம்மண் மைதானம். நடுவில் தென்னைநார் விரிப்பு. அதை இழுத்து ஆணியடித்து இறுக்குவதற்கே அரைமணி நேரம் போய்விடும். அங்கே நான் செய்த தவறொன்றைச் சொல்லித்தான் இப்பேச்சைத் தொடங்கவேண்டும்.

1990ஆம் ஆண்டையொட்டி அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் எங்கள் பள்ளியில் சேர்ந்தான். நல்ல வேகம். ஆனால் பந்தை விடும்போது அவன் மார்பு முழுவதும் மட்டைக்காரனை நோக்கியிருக்கும். நான் படித்த நூலிலோ, வீசுவோன் பக்கவாட்டில் நின்று, முன்தோளுக்கு மேலாக இலக்கை நோக்குவதாகப் படம் போட்டிருந்தது. விடுவேனா? அவனுடைய தோள்களைத் திருப்பினேன். இடுப்பும் கால்களும் பழைய திசையிலேயே நின்றன. இரண்டே மாதத்தில் வேகம் போயிற்று, குறி போயிற்று, முதுகுவலியும் வந்து சேர்ந்தது. தோள் ஒரு திசையிலும் இடுப்பு வேறு திசையிலுமாக முறுக்கிக்கொண்டு வீசினால் கீழ்முதுகின் எலும்புகள் கெடும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். வகுப்பறையில் அதைத் தவறாது கடைப்பிடித்தேன். மைதானத்தில், பையனுக்குத் தெரிந்ததை அழித்துவிட்டல்லவா எனக்குத் தெரிந்ததைப் புகட்ட முயன்றேன்!

இலங்கையில் கண்டி நகரத்துத் தமிழரான முத்தையா முரளிதரன் பள்ளியில் மிதவேகப் பந்து வீசிவந்தார். அவருக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறும்படி சொன்னார். பிறவியிலேயே முற்றும் நீளாத முழங்கை அவருடையது. புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டால் அது குறைதான். 1995இல் மெல்போர்ன் நகரில் ஒரு நடுவர் அவருடைய வீச்சு முறையற்றது என்றே அறிவித்தார். ஆனால் அந்தக் கையினால்தான் அவர் 2010க்குள் 800 டெஸ்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். கை மடங்கியிருப்பது குற்றமன்று. மடங்கிய கை, பந்தை விடுமுன் 15 பாகைக்கு மேல் நிமிர்வதே குற்றம் என்பது இன்றைய விதி.

அப்படியானால் பயிற்சியாளர் எதையும் மாற்றலாகாதோ என்று கேட்பீர்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவர், 2015இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடிய பருவத்திலேயே அவர் வீச்சின்மீது ஐயம் எழுந்தது. இங்கே மாற்றாமல் தீராது. சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்களின் துணையோடு அவர் தம் வீச்சை மீண்டும் அமைத்துக்கொண்டார். இது எளிதன்று. இத்தகைய திருத்தத்தில் முதலில் ஓட்டத்தை நிறுத்திவிடுவது வழக்கம். நின்ற இடத்திலேயே வீசவேண்டும், பிறகு நடந்து, பிறகு மெல்ல ஓடி. நூறுமுறை சரியாக வீசியவனுக்கும், ஆட்டத்தின் பரபரப்பில் பழைய பழக்கம் திரும்பிவிடும். ஆனால் மட்டைக்காரனின் காலடியில் பந்தை இறக்கும் 'யார்க்கர்' நடராசனை விட்டுப் போகவில்லை. 2020-21ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடினார். பின்பு தம் ஊரிலேயே பிள்ளைகளுக்கு மைதானமும் அமைத்தார்.

எந்தக் கோணலைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது? இதற்குப் படத்தைப் பார்த்தால் போதாது; பையனை நெடுநாள் பார்த்திருக்கவேண்டும். அந்தப் பொறுமை அன்று எனக்கு இல்லை.

அறந்தாங்கிப் பையன் அதற்குப்பின் பந்து வீசவில்லை. மட்டை பிடித்தான், சுமாராக ஆடினான். இப்போது அவனும் ஐம்பதை நெருங்குகிறான். மாலையில் தன் ஊர்ச் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறான். சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன். ஒரு சிறுவன் தலையை ஒருபுறம் சாய்த்துச் சாய்த்து வீசிக்கொண்டிருந்தான். எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. இவனோ வேலியோரம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னப்பா, சொல்லமாட்டாயா?" என்றேன்.

"இன்னும் பார்த்து முடியவில்லை, ஐயா" என்றான்.