மேசை இழுப்பறையில் ஒரு கீரைப் பாத்தி

பழைய மரச்சாமான் கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் மேசை, நாற்காலி, பெட்டிகளைச் செடித் தொட்டிகளாக மாற்றுவது பற்றி இன்று பேசுகிறேன். நேரம் கொஞ்சம்தான். அதனால் எனக்கு மிகவும் பிடித்த மேசை இழுப்பறைக்கே அதில் பெரும்பங்கைக் கொடுக்கப் போகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த தூண், கதவு, அலமாரி எல்லாம் அங்கே விலைக்கு வரும். வேலைப்பாடு மிகுந்தவை நல்ல விலைக்குப் போய்விடும். கடையின் பின்பக்கத்தில், கால் உடைந்த மேசைகளும், மேசையே இல்லாத தனி இழுப்பறைகளும் மிச்சமிருக்கும். நான் தேடிப் போவது அவற்றைத்தான். பர்மாவில் வணிகம் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த தேக்கு அது. வைரம் பாய்ந்த தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை எளிதில் தொடாது, ஈரமும் சீக்கிரம் உளுக்க வைக்காது. செடிக்கு வீடாக இதைவிட நல்ல மரம் வேண்டுமா?

காரைக்குடிக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலும் இழுப்பறை கிடைக்கும். இழுப்பறையைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரத்தின் ரேகை பலகையின் விளிம்பு வரை ஓடினால் அது அசல் மரம். விளிம்பில் மரத்தூள் அப்பியதுபோல் தெரிந்தால், அது தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படியொரு டிவி ஸ்டாண்டில் மண் நிரப்பித் துளசி வைத்தார். ஐப்பசி மழை முடிவதற்குள் பலகை ஊதி, பிளந்து, மண் முழுக்க மாடியில் கொட்டிவிட்டது. அந்த வகைச் சாமானை வீட்டுக்குள் தொட்டி வைக்கும் பீடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் பூசிய சாமான் என்றால் இன்னும் கவனம் தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. அதில் கீரையும் வேண்டாம். உள்ளே தனித் தொட்டி வைத்துப் பூச்செடி வளர்க்கலாம்.

இப்போது இழுப்பறைக்கு வருவோம். முதல் இழுப்பறையை ஆசாரியிடம் கொண்டுபோய், அடியில் ஓட்டை போட்டுத் தரக் கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்துப் பலகை தேக்கும்மா. அடிப்பலகை வெறும் தகடு. ஈர மண்ணு வெச்சா ஒரு மாசம் தாங்காது" என்றார். அடிப்பலகையை உருவிவிட்டு, தேக்கு ரீப்பர்களை அரை விரல் இடைவெளி விட்டுக் குறுக்கே அடித்துக் கொடுத்தார். இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்று பித்தளைத் திருகாணிதான் போட்டார். அந்த இடைவெளிகளே தண்ணீருக்கு வழியாகிவிட்டன. அன்று முதல் எல்லா இழுப்பறைகளுக்கும் அவருடைய முறையையே பின்பற்றுகிறேன். மேலே ஒரு சணல் சாக்கை விரித்தால் மண் கீழே சரியாது.

அடியில் ஜல்லி போட வேண்டாமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். மெல்லிய மண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுதாக நனைந்து கனத்த பிறகுதான் இறங்கும். வேர் ஈரத்திலேயே நிற்கும். ஆழம் குறைந்த இழுப்பறையில் ஜல்லி இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை அலசிப் பிழிந்து போடுங்கள். மாடியில் வைப்பவர்கள் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டடி நீளம், அதைவிடச் சற்றுக் குறைந்த அகலம், அரையடி ஆழமுள்ள இழுப்பறையில் வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் கனம் மிக அதிகமாகும். இந்தக் கலவை அதைவிட எடை குறைவாக இருக்கும்.

அரையடி ஆழம் கீரைக்குப் போதும். தக்காளி, கத்தரிக்கு ஓரடியாவது வேண்டும். கீரை விதை மிகச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். மணலோடு கலந்து தூவி, பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் அந்த ஆழத்துக்கே பிறந்தவை. பறித்த கையோடு அடுப்பேற்றிக் கடைந்த கீரையின் ருசியை ஒரு முறை அறிந்தவர்கள், அடுத்த இழுப்பறையைத் தேடிக் கடைக்குப் போவார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நேரம் நெருங்குகிறது, மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரம்பு அறுந்த நாற்காலியின் இருக்கை வட்டத்தில் ஒரு தொட்டியை இறக்கினால் போதும். டிரங்குப் பெட்டியில் துருவைச் சுரண்டி, அடியில் துளையிட்டு, பூச்செடி வையுங்கள். மரத்தின் வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள். எல்லாவற்றையும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்; டெங்குக் கொசுவுக்குத் தேங்கிய நீர் ஒரு வாரம் கிடைத்தாலே போதும்.

மரத்தைப் பாருங்கள், பெயின்ட்டைப் பாருங்கள், தண்ணீர் இறங்க வழி விடுங்கள், எடையை அறிந்து வையுங்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பழைய மேசையை விலைக்குப் போடுவதற்கு முன், அதன் இழுப்பறையை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு சிட்டிகை முளைக்கீரை விதை தூவுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.