கல்லும் சில்லும்



அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பைஞ்சுதையாகி ஊர்தோறும் மாடங்களை எழுப்புகிறது. தோண்டிய இடத்தில் எஞ்சுவதோ பள்ளமே. கணிப்பொறிச் சில்லுக்கும் மூலம் மணலே. ஆயினும் அதன் மதிப்பு மணலில் இல்லை. வரைந்தமைக்கும் அறிவில் உள்ளது. அவ்வறிவும் கல்லைப்போல் வெளியேறலாமா?

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய திறந்த கட்டளைமுறை, உரிமைக்கட்டணமின்றி எவரும் சில்லு வரைய வழிவிட்டது. அதன்வழிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வரைந்த சில்லு, 2018-இல் அமெரிக்க ஆலையில் உருப்பெற்று இயங்கிற்று. தமிழ்மண்ணில் கருவுற்ற அதற்குச் ‘சக்தி’ என்று பெயர்! ‘ஆற்றல்’ என்னும் தமிழ்ச்சொல் எங்கே போயிற்று?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. சில்லு வரையும் மின்னணுவியலும் அவ்வழியே பெரம்பலூர் இளைஞரை எட்டுக! தாய்மொழியில் கல்லாத அறிவு ஊரில் வேரூன்றாது. கல் போயிற்று, அறிவும் போகவேண்டா!