பெயரில்லாச் சிப்பாய்



சிறுவயதில், சாய்ந்தமருதில் எங்கள் மூத்தம்மா இரவில் படைப்போர்களை ராகமெடுத்துப் படிப்பார். அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்' எனக்கு மிகப் பிரியம். அலியாரின் வாள் சுழலும்போது நிமிர்ந்து உட்காருவேன். பின்னால் நின்ற சாமானியப் படையாள் என்ன ஆனான் என்று கேட்கத் தோன்றியதேயில்லை.

கேட்க வைத்தவன், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன். பாய் விரித்துப் பொம்மைப் படைகளை அணிவகுத்தான். 'வார்ஹேமர் 40,000' என்னும் இந்த விஞ்ஞானப் புனைவுப் போர் விளையாட்டு 1987இல் இங்கிலாந்தில் வெளியானது. ஒரு பக்கம் அசுர உடலும் கனத்த கவசமும் கொண்ட வீரர்கள். எதிரே, துப்பாக்கியொன்றை நம்பி நிற்கும் வெறும் மனிதர்கள். மருமகன் வெறும் மனிதர்களையே எடுத்துக்கொண்டான்.

என்னைக் கவர்ந்தது ஒரு விதி. முன்னைய பதிப்புகள் பலவற்றில், சூடுபட்டு ஓரணியின் காற்பங்கு வீழ்ந்தால் இரண்டு பகடைகளை உருட்டவேண்டும். கூட்டுத்தொகை அணியின் மனவுறுதி எண்ணைத் தாண்டினால் ஓட்டம்தான். கவச வீரருக்கோ தனிச் சலுகை: அச்சமறியாதவர்களாம், பின்வாங்கினாலும் தாமாகவே மீண்டும் அணிதிரள்வார்கள்.

"பயமே வராதவங்களுக்கு என்னத்துக்கு மாமா தைரியம்?" என்றான். மூத்தம்மாவிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவனது அணியில் ஐவர் மிஞ்சினர். பகடையில் இரண்டும் மூன்றும் விழுந்தன, நின்றார்கள். அடுத்த சுற்றில் ஐவரும் மடிந்தனர்.

"இவங்களுக்குப் பேர் இருக்கா?"

"இல்ல மாமா" என்றபடி, ஒவ்வொருவராகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான்.