ஜாடி சொல்லும் கணக்கு



வகுத்தல் கணக்கு நடத்தும்போது தாய்லாந்தின் வடகிழக்குச் சிற்றூர்களைப் பற்றிச் சொல்வேன். அங்கே ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மழை அரிது. 1980களில் அவ்வூர் மக்கள் கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்க 2,000 லிட்டர் கொள்ளும் சிமென்ட் ஜாடிகளைக் கட்டினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிநீர் என்றால், ஐந்து பேர் குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்? "200 நாள்" என்பார்கள் பிள்ளைகள். வறண்ட காலம் கடந்துவிடும்!

அடுத்த கேள்வி: செலவு யாருடையது? அரசு பயிற்சியும் சுழல்நிதியும் தந்தது. வீட்டார் உழைப்பையும் பணத்தையும் போட்டார்கள். ஒரு வீடு திருப்பிக் கட்டிய தொகை அடுத்த வீட்டுக்குச் சிமென்ட் ஆனது.

நம் மாணவர் வீடுகளிலும் தொட்டி, மோட்டார், குழாய் எனத் தண்ணீருக்காகப் போட்ட பணம் உண்டு. அதைப் போட முடியாத வீட்டுப் பிள்ளைதான் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறது. நானும் அப்படி வந்த ஒரு மாணவியைக் காரணம் கேட்காமல் வெளியே நிறுத்தியவள்தான். இப்போது முதலில் அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் கணக்கைக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.